முப்பது வருட மூக்கு

"மருமக வாந்தி எடுத்தா இனிப்பு குடுக்கணும்மா. அதுக்கு ஏன் எங்க டேங்க்கைத் திட்டறீங்க?" என்றார் சுயம்பு.

அவருடன் வந்திருந்த கம்பெனி ஆட்கள் இருவரும் சிரித்தார்கள். எதிரே நின்ற காத்திவாக்கம் குப்பத்துப் பெண்களில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.

"என் மருமவளுக்குக் கர்ப்பப்பை எடுத்து ரெண்டு வருசம் ஆவுது சார்," என்றாள் பவுனம்மாள். "அதுக்கும் இனிப்பு வாங்கினு வந்துகீறியா?"

சிரிப்பு நின்றது. சுயம்பு தொண்டையைக் கனைத்துக்கொண்டு கையிலிருந்த படிவத்தைப் புரட்டினார்.

பவுனம்மாள் வீட்டை ஒட்டினாற்போல் ஒரு காம்பவுண்டுச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் பெயின்ட் கம்பெனியின் டொலுயீன் டேங்க். தின்னரில் கலக்கிற சரக்கு. மூன்று வாரமாகக் கசிகிறது என்று குப்பத்து ஜனங்கள் புகார் கொடுத்திருந்தார்கள். ஆபத்து உண்டா இல்லையா என்று நேரில் பார்த்து எழுதித் தர, கம்பெனி அனுப்பிய பாதுகாப்பு ஆலோசகர்தான் சுயம்பு. அவர் 'இல்லை' என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், பக்கத்திலேயே இரண்டாவது டேங்க்கும் எழும்பிவிடும்.

"முதல்ல தீ அபாயம்," என்று படித்தார். "டொலுயீன் சுலபமா தீப்பிடிக்கும்னு போட்டிருக்கு. உங்க வீட்டு கேஸ் சிலிண்டரும்தான் தீப்பிடிக்கும். தூக்கி வெளியில எறிஞ்சிட்டீங்களா?"

"சிலிண்டரு கசிஞ்சா, போன் பண்ணா ஆளு வருது சார்," என்றான் பவுனம்மாளின் மகன் தீபன். "உங்களுக்கு மூணு வாரமா பண்ணிகினு கீறோம். இன்னிக்குத்தான் வந்துகீறீங்க."

காதில் விழாதவர் போல அடுத்த பக்கத்துக்குப் போனார் சுயம்பு. "அடுத்தது உடல்நலம். தலைவலி, தலைசுத்தல், வாந்தி. யார் யாருக்கு இருக்கு?"

பெண்கள் எல்லோருமே கை தூக்கினார்கள். ஒரு கையால் முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு, மறு கையைத் தூக்கினார்கள்.

"பார்த்தீங்களா, கேட்ட உடனே எல்லாருக்கும் வந்துடுச்சு!" என்றார் கம்பெனி ஆட்களிடம். "பரீட்சை அன்னிக்கு வர்ற வயித்துவலி மாதிரி. இதுல மூக்கை மூடிக்கிற நாடகம் வேற. நாள் பூரா மீன் கூடையோட இருக்கிறவங்களுக்கு இது நாறுதாம்!"

"காசிமேட்டுல ஏலத்துல நின்னுகினே, எந்த மீனு எத்தினி நாளு ஐஸ்ல கெடந்துச்சுன்னு மோந்து சொல்லுவேன் சார்," என்றாள் பவுனம்மாள். "எங்க மூக்கப் பத்தி நீ பேசாத."

"யாரு மூக்கும் வேணாம்," என்றான் தீபன். "காத்தை அளக்கறதுக்கு மெசினு கீதாமே, அது எங்க சார்?"

"சர்வீசுக்குப் போயிருக்கு. அது எதுக்கு? இது முப்பது வருஷ மூக்கு தம்பி. மெஷினைவிடக் கறாரா சொல்லும்."

சுவரை ஒட்டிப் போய் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். கம்பெனி ஆட்கள் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்கள்.

"ம்ஹூம். நல்ல கடல் காத்துதான் வருது." எழுதிக்கொண்டே சத்தமாகப் படித்தார். "நெடி, இல்லை. பொதுமக்களுக்கு ஆபத்து, இல்லை."

தீபன் அவரை நோக்கிப் பாய்ந்தான். பவுனம்மாள் அவன் கையை எட்டிப் பிடித்தாள். அவள் பார்வை சுயம்புவின் முகத்தை விட்டு அகலவில்லை.

"வுடுடா. படிச்சவரு சொல்றாரு, எழுதிட்டுப் போட்டும்," என்றாள். "சார், கையெழுத்த நின்னுகினே போடாத. அந்த நாக்காலில குந்து. நம்ம வூட்ல வவ்வாலு மீன் கொழம்பு கீது. ஒரு வாய் சாப்ட்டு அப்பால போடு."

சுயம்புவின் முகம் மலர்ந்தது. "இப்படி மரியாதையா முதல்லயே பேசியிருந்தா இவ்வளவு நேரம் ஆகியிருக்காதே," என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

பவுனம்மாள் உள்ளே போனவள் ஒரு தூக்குச்சட்டியோடு வந்தாள். மூடியை ஒரு விரல் அளவுக்கு மட்டும் தூக்கி, அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாரு சார். கொழம்பு எப்டி கீது?"

சுயம்பு கண்ணை மூடி ஆழமாக இழுத்தார்.

"அடடா! புளியும் பூண்டும் என்னமா மணக்குது! எங்க தூத்துக்குடிப் பக்கம்கூட இப்படி வைக்க மாட்டாங்க." கண்ணோரம் நீர் கட்டியது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். "காரம் மட்டும் கொஞ்சம் தூக்கல்."

கம்பெனி ஆட்களில் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைப் பொத்தினான்.

பவுனம்மாள் மூடியை முழுசாகத் திறந்தாள். உள்ளே குழம்பு இல்லை. படகுக்குப் பெயின்ட் அடிக்கத் தீபன் வாங்கி வைத்திருந்த தின்னரில் முக்கியெடுத்த துணி சுருண்டு கிடந்தது.

பெண்கள் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. பவுனம்மாள் மட்டும் சிரிக்காமல் கேட்டாள்: "எத்தினி வருசமா சார் இப்டி?"

சுயம்பு கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடினார். கம்பெனி ஆட்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"இதே டேங்க்லதாம்மா ஆபரேட்டரா வேலைக்குச் சேர்ந்தேன். ஏழாவது வருஷமே மூக்கு போயிடுச்சு."