நடுக்கல்

அவன் கணுக்காலில் இருந்த அட்டையை அவள்தான் எடுத்தாள்.

உப்பும் புகையிலையும் கட்டிய துணிமுடிச்சை நனைத்துத் தடவினாள். அது சுருண்டு விழுந்ததும் கையைத் தன் பேன்ட்டில் துடைத்துக்கொண்டாள். பதினோரு வருடக் கல்யாண வாழ்க்கையில் எத்தனையாவது அட்டையோ.

"இளம்பரிதியோட கல்வரிசையப் பாத்தியா? கல்லுன்னா அப்படி உக்காரணும்."

அவன் கணுக்காலையே பார்த்தான். ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அட்டைக்கடி அப்படித்தான். வலிக்காது. லேசில் நிற்கவும் செய்யாது.

வால்பாறைக்கு மேலே, தேயிலைக்கும் சோலைக்கும் நடுவில் ஓடும் சிற்றோடை அது. மழைக்கு மழை அரித்து ஆளுயரப் பள்ளமாகியிருந்தது. அதை மீட்கத்தான் அவன் மனைவி அமலி பத்து நாள் பயிற்சி நடத்தினாள்.

வந்தவர்கள் பன்னிரண்டு பேர். எல்லோரும் காட்டுயிர் ஆய்வாளர்கள். இருவாச்சிப் பறவைக்குப் பின்னால் அலைகிறவர்கள், நீர்நாய் எச்சத்தை அலசுகிறவர்கள். தள்ளி நின்று பார்ப்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த வேலை. கைவைத்துப் பழக்கமில்லை. முதல் நாளே ஓடையில் விழுந்துகிடந்த மரங்களையெல்லாம் கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டுப் பெருமையாக நின்றார்கள்.

"நான் என்ன வீடு கூட்டவா சொன்னேன்? தண்ணிக்குத் தடையா கெடக்கட்டும்னுதானே அது விழுந்துச்சு. போடுங்கப்பா திரும்ப."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் அந்தப் பன்னிரண்டில் ஒருவன். பதினான்கு வருடமாகச் சிங்கவால் குரங்குகளை எண்ணுகிறவன். மற்றவர்கள் எதிரில் மனைவியை மேடம் என்று கூப்பிட்டான். இரண்டு நாளைக்கு அது வேடிக்கையாக இருந்தது.

ஆளுக்கொரு கல்வரிசை. ஓடைக்குக் குறுக்கே, படி மாதிரி. தண்ணீர் அங்கே மூச்சு வாங்கி, சுமந்துவந்த மண்ணை இறக்கிவைத்துவிட்டுப் போகவேண்டும்.

கல்லைத் தூக்கும் முன் புரட்டி, அடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். ஒரு புழு இருந்தாலும் வேறு கல் தேடவேண்டும். எங்கே கொண்டுபோய் வைத்தாலும், வானம் பார்த்த பக்கம் வானத்தையே பார்க்கவேண்டும். அமலியின் சட்டங்கள்.

அவன் வரிசையை இரண்டு தடவை பிரிக்கச் சொன்னாள்.

தவளை ஆராயும் இளம்பரிதியின் வரிசைக்கு முன்னால் எல்லோரையும் கூட்டிவந்து நிறுத்தினாள். குனிந்து, நடுக்கல்லை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள்.

அந்தத் தட்டு அவனுக்குத் தெரியும். அவன் காட்டுக்குக் கிளம்பும் விடியற்காலைகளில் அவன் முதுகில் விழுகிற தட்டு.

எல்லோரும் சாப்பிடப் போனபின் அவன் மட்டும் இறங்கினான். கடப்பாரையை விட்டு நடுக்கல்லை நெம்பினான். தூக்கிக் கரையிலிருந்த பெரணிப் புதருக்குள் வீசினான்.

சின்னப்பிள்ளைத்தனம். தெரிந்தேதான் செய்தான்.

அந்தப் பெரணியில்தான் அட்டை ஏறியது.

அதை அவள் எடுத்து முடித்த பிறகு சொன்னான்.

"உன் செல்லப்பிள்ளை வரிசையில ஒரு கல்லு நிக்கல. போய்ப் பாரு."

"போடா, பொறாமை புடிச்சவனே," என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

அங்கே மழை இல்லை. மழை மேலே, மலைத்தலையில் பெய்திருந்தது. அந்தத் தண்ணீர் ஒரே அடியாக ஓடையில் இறங்கியது.

இரண்டு வளைவு தாண்டி அவள் உடலைத் தூக்கிவந்தபோது, அவன் கணுக்காலில் ரத்தம் இன்னும் நின்றிருக்கவில்லை.

நான்கு வருடமாயிற்று.

அவன் கட்டிய வரிசை அடுத்த மழைக்கே போய்விட்டது. இளம்பரிதியின் வரிசை நிற்கிறது. நடுவில் ஒரு கல் அகல இடைவெளியுடன்.

இப்போது பயிற்சி நடத்துவது இளம்பரிதி. வருடா வருடம் அவனையும் அழைப்பான். மேடத்தின் கணவர் என்று புதியவர்களுக்கு அறிமுகம் செய்வான். பிறகு தண்ணீரில் இறங்கி அந்த இடைவெளியில் கையை நுழைப்பான்.

"நான் இதை அடைச்சுத்தான் வச்சிருந்தேன். மீனு எப்படி மேல ஏறும்னு யோசிக்கல. மேடம் யோசிச்சிருக்காங்க. கடைசியா தனியா இறங்கி வந்து, ஒரே ஒரு கல்ல எடுத்து விட்டுட்டுப் போயிருக்காங்க. எனக்கு அவங்க சொல்லிக்கொடுத்த கடைசிப் பாடம் இது."

இந்த இடத்தில் இளம்பரிதி எல்லோர் எதிரிலும் அழுவான். ஒவ்வொரு வருடமும்.

இவனுக்கு ஒருமுறையும் அப்படி அழ வந்ததில்லை.

அவளுடைய கடைசிப் பாடம் இளம்பரிதிக்கு. அவளுடைய கடைசிக் கல்லும் இளம்பரிதிக்கு. இவன் கையால் செய்த ஒன்றே ஒன்று இந்த ஓடையில் மிஞ்சியிருக்கிறது. அதுவும் இளம்பரிதியிடம்.

இந்த வருடமும் விரல் நீள மீன்கள் இடைவெளியில் எதிரேறிக்கொண்டிருந்தன. எட்டு. ஒன்பது. எண்ணிப் பழகியவன் எண்ணினான்.

"எடுத்த கல்ல மேடம் எங்க வச்சாங்க சார்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"தண்ணி கொண்டுபோயிருக்கும்மா," என்றான் இளம்பரிதி.

இவன் வாயைத் திறந்தான்.

"என்னண்ணா?" என்று இளம்பரிதி நிமிர்ந்தான். கண் ஈரமாக இருந்தது.

"ஒண்ணுமில்ல. நீ சொல்லு."

எல்லோரும் அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்கள். இவன் மட்டும் கரையேறிப் பெரணியை விலக்கினான். குனிந்தான். உள்ளங்கையைக் கல்லுக்கு மேலே கொண்டுபோனான். தட்டவில்லை. புரட்டவும் இல்லை.

போன வருடம் போலவே, வானம் பார்க்கவேண்டிய பக்கம் மண்ணுக்குள் கிடந்தது.