நீரிணை பார்க்க வந்தவர்கள்

வாசலில் வந்து நின்ற வான் வண்டியிலிருந்து ஒரு குடும்பமே இறங்கியது. பட்டுச் சேலையும் பூவுமாக வந்து, முன்வரிசைக் கதிரைகளை நிரப்பி உட்கார்ந்தது. மேடையில் இருந்த பஞ்சலிங்கம் மாஸ்ரருக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது.

இருக்காதா பின்னே. கரவெட்டியின் அந்தப் பழைய மண்டபத்தில், பெரிய தலைவர்கள் முழங்கிய அதே மேடையில், மாதாமாதம் உலக விவகாரம் பேசுகிறவர் அவர். போன மாதம் உக்ரேனைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர், இன்னொருவர் மண்டபத்தைப் பூட்டுவதற்காக நின்றவர்.

"இண்டைக்கும் சனம் வராட்டித் தொடரை நிப்பாட்டுறதெண்டு கமிற்றி சொல்லிப்போட்டுது, மாஸ்ரர்," என்று செயலாளர் சிமியோன் காலையிலேயே சொல்லி வைத்திருந்தார். இப்போது அதே சிமியோன் பல்லெல்லாம் தெரிய வந்து, "வல்வெட்டித்துறையில இருந்து வந்திருக்கினமாம்," என்று காதோடு சொன்னார்.

"கடலோடின ஊரெல்லே. கடற்பாதையின்ரை அருமை அவைக்குத்தான் தெரியும்," என்றார் மாஸ்ரர்.

அன்றைய தலைப்பு, எண்ணெய்க் கப்பல்கள் நுழைந்து போகும் ஒடுக்கமான கடற்பாதையான ஹோர்முஸ் நீரிணை. சிமியோன் விளக்கை அணைத்துச் சுவரில் வரைபடத்தை விழுத்தினார். புவியியல் ஆசிரியை கஜந்தினி படத்தருகே நின்று ஒரு கோலால் இடங்களைத் தொட்டுக் காட்ட, மாஸ்ரர் பேச்சைத் தொடங்கினார்.

"தம்பி, லைற்றைப் போடுங்கோ," என்றார் முன்வரிசையில் இருந்த அம்மா. "ஒண்டும் வடிவாத் தெரியேல்லை."

விளக்கைப் போட்டால் படம்தான் மங்கும். குறிப்பு எழுதப் போகிறார்களாக்கும் என்று நினைத்து மாஸ்ரர் உருகிப்போனார். அவர் உலக விவகாரம் தொடங்கினாலே தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிவிடும் மனைவி குணலட்சுமி இதைப் பார்த்திருக்க வேண்டும்.

அவருடைய பகிடிக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. எண்ணெய் விலை ஏறுமென்று எச்சரித்தபோதும் ஒருவரும் பதறவில்லை. ஆனால் படத்தின் பக்கம் வைத்த கண்ணை ஒருவர்கூட எடுக்கவில்லை. நடுவில் இருந்த கண்ணாடி போட்ட இளைஞன் எழுந்து, "அந்த நீரிணையை இன்னொருக்காக் காட்டேலுமோ?" என்று கேட்டான்.

மாஸ்ரர் உற்சாகமாகக் கோலை வாங்கப் போனார்.

"நீங்கள் கரைச்சல்படாதேங்கோ, ஐயா. ரீச்சரே காட்டட்டும்."

தன் முழங்கால் வலி இந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது என்று மாஸ்ரர் வியந்தார். அந்த மரியாதைக்காகவே பேச்சை இன்னும் அரை மணித்தியாலம் நீட்டினார். ஒருவரும் எழுந்து போகவில்லை.

கூட்டம் முடிந்ததும் சிமியோன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இனித் தொடரை ஆராலும் அசைக்கேலாது, மாஸ்ரர். உவையை மட்டும் விட்டுடாதேங்கோ."

மாஸ்ரர் மேடையை விட்டு இறங்கி, வானில் ஏறப்போன அந்த அம்மாவிடம் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"அடுத்த மாதம் தாய்வான் பிரச்சினை, அம்மா. எல்லாரும் கட்டாயம் வரவேணும்."

அந்த அம்மா கொஞ்சம் சங்கடத்தோடு சிரித்தார்.

"இனி ஏன் ஐயா? ரீச்சர் பிள்ளையை எங்கடை பொடியனுக்குப் பிடிச்சுப்போச்சு."