புள்ளிக்கோடு

அக்கா வீட்டுச் சமையலறைத் தரை நடுக்கோடையிலும் வியர்த்தது.

வீடு கட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை. குழாய்க்காரர் இரண்டு முறை வந்து தரையைத் தட்டிப் பார்த்தார். கசிவு எங்கேயும் இல்லை. முந்நூறு அடி தள்ளி ஓடும் ஆறும் முழங்காலுக்குக் கீழே வற்றியிருந்தது.

"உன் தம்பி ஊரு ஆத்தையெல்லாம் அளந்து படம் போடுறவன்தானே, நம்ம அடுப்படியையும் அளந்து சொல்லட்டும்" என்றார் மாமா.

ஆற்றை அளந்தேன்.

அது எளிது. ஓர் ஆரஞ்சுத் தோலை மிதக்க விடுங்கள். பாதி மூழ்கி மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது. தண்ணீரின் வேகத்திலேயே போகும். இருபது அடி கடக்க எத்தனை நொடி என்று பாருங்கள். அந்த வேகத்தை அகலத்தோடும் ஆழத்தோடும் பெருக்கினால், நொடிக்கு எத்தனை வாளி தண்ணீர் போகிறது என்று வந்துவிடும்.

வீட்டுக்கு மேலே, மரப்பாலத்தருகே, பத்து வாளி. வீட்டுக்கு நேரே ஏழு. கீழே, மாடுகள் இறங்கும் துறையில், மறுபடி பத்து.

நடுவில் யாரும் மோட்டார் வைக்கவில்லை. வாய்க்கால் பிரியவில்லை, ஓடை எதுவும் வந்து சேரவும் இல்லை. ஆரஞ்சு தீரும்வரை அளந்தேன். பத்து, ஏழு, பத்து.

மூன்று வாளி எங்கே போய்விட்டுத் திரும்பி வருகிறது?

சின்ன ஆறுகளுக்கு ஒரு குணம் உண்டு. வளைந்து வளைந்து ஓடி, ஏதோ ஒரு வெள்ளத்தில் குறுக்கே வழி வெட்டிக்கொண்டு நேராகப் போய்விடும். கைவிட்ட வளைவு காய்ந்து, புல் முளைத்து, நல்ல மனைபோலத் தெரியும். ஆனால் அடியில் கிடப்பது பழைய மணலும் கூழாங்கல்லும். அந்த இடுக்குகளில் தண்ணீர் நடந்துகொண்டே இருக்கும். பெரிய வெள்ளம் வந்தால் மேலேயும் அதே வழியில்தான் வரும்.

அதனால்தான் காய்ந்த வளைவையும் வரைபடத்தில் புள்ளிக்கோடாகப் போடுகிறோம். புள்ளிக்கோட்டின் மேல் வீடு கட்ட அனுமதி கிடையாது.

அக்கா ஈரத்தின் மேல் பழைய சாக்கை விரித்தாள். "நீ படம் பாத்து எடுத்துக் குடுத்த எடம்டா. எடத்துல குத்தம் இருக்காது. அந்தக் கொத்தனாருதான் சிமெண்ட்ல கைவச்சிட்டான்."

நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து மேசையில் நான் வரைந்த அந்தப் படத்தை விரித்தேன். அக்கா என் வீட்டிலிருந்து மூன்று தெருவுக்குள் குடியிருக்க வேண்டும் என்பது அப்போது என் ஆசை. தாளை வெளிச்சத்தில் சாய்த்தால், மை போடும் முன் ரப்பரால் அழித்த பென்சில் தடம் தெரிகிறது. வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள்.

அவற்றைப் பேனாவால் ஒவ்வொன்றாக நிரப்பினேன். கோடு பாலத்துக்குக் கீழே ஆற்றைவிட்டுப் பிரிந்து, அக்காவின் அடுப்படி வழியே போய், துறைக்கு மேலே ஆற்றில் சேர்ந்தது.

மழைக்கு இன்னும் ஐந்து வாரம். படத்தைச் சுருட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தேன்.

என்மேல் நம்பிக்கை இருக்கும்வரை அவள் அந்த வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டாள். முதலில், அழித்தது நான் என்று சொல்ல வேண்டும். பிறகு வீட்டைக் காலி செய்ய வேண்டும்.