மாடி அறை

கோழிக்கோட்டில் நிபா காய்ச்சல் மறுபடி தலைகாட்டிய அன்று, பீரான் காலையிலிருந்து ஓர் இடத்தில் நிற்கவில்லை. முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு மாடி அறையைக் கழுவினார். தனித் தட்டு, தனி வாளி, சோப்பு எல்லாம் கொண்டுபோய் வைத்தார்.

"எல்லாரும் நல்லாத்தானே இருக்கோம்? யாருக்கு இந்த ஏற்பாடு?" சாயாவை நீட்டியபடி கேட்டாள் மனைவி மைமூனா.

"கிட்ட வராதே, அங்கேயே வை. இனிமே ஆஸ்பத்திரிப் பக்கம் யாரும் தலைவச்சுக்கூடப் படுக்கக்கூடாது."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயாளியைப் போய்ப் பார்க்காத வீடு இந்த ஊரில் உண்டா?

"உங்க கூட்டாளி கோயா காய்ச்சல்ல கிடக்காரு. ஆரஞ்சு வாங்கிட்டு ஒரு எட்டு போய்ப் பாருங்கன்னு தொண்டை வத்தக் கத்துறேன். உசுரு மேல அவ்வளவு ஆசையா இக்கா?"

பீரான் தன் தலையணையை எடுத்துக்கொண்டு மாடியேறி, அந்த அறைக்குள் போய்த் தாழிட்டார்.

அவள் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

"கோயாவுக்கு நிபாதானாம். காலையில போன் வந்துச்சு," என்றது உள்ளேயிருந்து குரல். "முந்தாநாள் அவனுக்குக் கஞ்சி ஊட்டினது நான்தான். உன் பேச்சைக் கேட்டுப் போனேன்னு ஒத்துக்க மனசில்லாம, உன்கிட்ட சொல்லலை. சோத்தை வாசல்ல வச்சுட்டுக் கீழே போயிடு, மைமூ."