கூட்டக்கூடாத நேரம்

அம்மா பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். பின்லாந்துக்குக் கல்விப் பயணம் போகிறாள். அவள் வரும்வரை வகுப்பையும் வீட்டையும் பார்த்துக்கொள்ள, பயணத்துக்கு ஏற்பாடு செய்தவர்கள் ஒரு பதிலாளை அனுப்பியிருந்தார்கள். அதற்கு அம்மாவின் முகம், அம்மாவின் குரல். ஒரு வாரமாக அவள் பின்னாலேயே நடந்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டது.

"போன வருஷம் போன ரெஜினா டீச்சர் எப்பம்மா வருவாங்க?" என்று கேட்டேன்.

அம்மா கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் அமுக்கினாள். "பயணத்தை நீட்டிச்சுட்டாங்களாம் கண்ணு. அவங்க பதிலாள்தான் ஜோரா பாடம் நடத்துதே, அவங்களை விடச் சத்தமும் கம்மி."

சாயங்காலம் மாமா வந்து அம்மாவுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அவர் படியிறங்கியதும் பதிலாள் துடைப்பத்தை எடுத்தது. அம்மா பதறிப்போனாள்.

"கீழே வை! திரும்பி வரப்போறவங்க வாசல் தாண்டின உடனே வீடு கூட்டக்கூடாது. எழவு வீட்டுலதான் பொணம் போனதும் கூட்டுவாங்க."

"புரிஞ்சுது டீச்சர்," என்றது பதிலாள்.

மறுநாள் காலையில் வண்டி வந்தது. "போயிட்டு வரேன் கண்ணு. அதுகூட சண்டை போடாதே," என்று அம்மா என் கன்னத்தைக் கிள்ளினாள். வண்டி தெருமுனையில் மறையும்வரை கையசைத்தேன்.

உள்ளே வந்தால், பதிலாள் கூடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா கூட்டக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

"அது திரும்பி வரப்போறவங்களுக்கு," என்றது அம்மாவின் குரலில். "காலைக் கொஞ்சம் தூக்கு கண்ணு."