குறை ஏதும் இல்லை

நோட்டு மேஜைமேல் தொப்பென்று விழுந்தது. மனநல ஆலோசகரின் பேனா உருண்டு கீழே போனது.

"இதுக்குத்தான் வாராவாரம் இவரை ஒரு மணி நேரம் உட்கார வெச்சுப் பேசறீங்களா மேடம்?"

கத்தியவள் மகள். பக்கத்து நாற்காலியில் அப்பா. முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவர். அவர் கையெழுத்து இல்லாமல் ஊரில் பாதிக் கட்டடங்களில் ஒரு லிஃப்ட் நகராது. இப்போது குனிந்து பேனாவை எடுத்து வைத்தார். நோட்டையும் மேஜை விளிம்புக்கு நேராகத் தள்ளி வைத்தார்.

மகளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"பாருங்க, நீங்களே பாருங்க! இங்க ஒருத்தி தொண்டை கிழியக் கத்தறேன். இவருக்கு நோட்டு கோணலா இருக்கறதுதான் கவலை!"

சண்டைக்கு எதிராளி கிடைக்காத கோபம் இருக்கிறதே, அது மற்ற கோபத்தையெல்லாம்விடப் பொல்லாதது. மூன்று மாதமாக அவள் அதைத்தான் சுமந்துகொண்டிருந்தாள்.

அப்பா ரிட்டையர் ஆனதும், புருஷனிடம் அடிபட்டு அவள் பெட்டியோடு வாசலில் வந்து நின்றதும் ஒரே மாதம். வீங்கிய கன்னத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்றார். அத்தோடு சரி. அந்தப் பயலைப் போய் ஒரு வார்த்தை கேட்டாரா என்றால் அதுவும் இல்லை. பொறுத்துப் பார்த்தவள், "கல்லு மாதிரி இருக்கார், கொஞ்சம் உணர்ச்சி வர வையுங்க" என்று இந்த ஆலோசகரிடம் கொண்டுவந்து சேர்த்தாள். ஆறு வாரம் ஆகியும் கல் இளகின பாடில்லை.

"நோட்டைப் படிச்சீங்களா?" என்றார் ஆலோசகர்.

"படிச்சேன். தப்புதான். மனசுல இருக்கறதை எழுதத்தானே குடுத்தீங்க? முதல் பக்கத்துலேர்ந்து ஒரே வரி. தேதி, நேரம், 'குறை ஏதும் இல்லை', கையெழுத்து! ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை குறை இல்லையாம். பொண்ணு வாழ்க்கை சந்தி சிரிக்குது, அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை!"

அப்பா பேனாவையும் நோட்டுக்கு இணையாக நகர்த்தி வைத்தார்.

"நான் விவாகரத்து மனுவுல கையெழுத்துப் போட்டுட்டு வந்த அன்னைக்கு எத்தனை தெரியுமா? பத்தொன்பது! அவ்வளவு நிம்மதி!"

"கொஞ்சம் உட்காருங்களேன்."

"உட்கார வரலை நான். அம்மா செத்தப்பவே எனக்குப் புத்தி வந்திருக்கணும். ஆஸ்பத்திரியில அம்மாவைக் கீழ கொண்டு வராங்க, நான் தரையில விழுந்து அழறேன். இவர் அங்க நின்னவரைக் கூப்பிட்டு, 'லிஃப்ட் அரை இஞ்ச் இறங்கி நிக்குது, கவனிங்க'ங்கறார். இந்த மனுஷன்கிட்ட என்னத்தை எதிர்பார்க்கறது?"

மூச்சு வாங்கியது. முடிவைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருந்தாள்.

"சாயந்திரம் என் வீட்டுக்காரர் வந்து கூட்டிட்டுப் போறேன்னிருக்கார். போகப்போறேன். மனுவையும் திரும்ப வாங்கிடுவேன். அடிக்கறதுக்காகவாவது அங்க என் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தார். இங்க அதுவும் இல்லை."

அப்பாவின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. அவ்வளவுதான்.

ஆலோசகர் அவர் பக்கம் திரும்பினார். "சார், நான் சொல்லட்டுமா?"

அவர் தலையசைத்தார்.

"மனசுல இருக்கறதை எழுதுங்கன்னு நான் சொல்லலைம்மா. என்ன உணர்ச்சி வருதுன்னு கேட்டா இவருக்குச் சொல்லத் தெரியலை. மூணாவது வாரம், துருவித் துருவிக் கேட்டப்ப, 'பயம்'னார். சரி, பயம் வரும்போதெல்லாம் எழுதி வையுங்கன்னேன். இவர் என்ன பண்ணியிருக்கார் தெரியுமா? பயம் வந்ததும் முதல்ல போய்ச் சோதனை பண்ணிட்டு, அதோட முடிவை எழுதியிருக்கார். சர்வீஸ் பூரா அப்படியே எழுதிப் பழகின கை."

"எதைச் சோதனை பண்ணினார்?" மகளின் குரலில் காரம் குறையவில்லை. "எங்க வீட்ல லிஃப்ட் கூடக் கிடையாதே."

"உங்களை."

அவள் ஆலோசகரையே பார்த்தாள்.

"வந்த அன்னைக்குச் சாப்பாட்டு மேஜையில, 'இனிமே உயிரோட இருந்து என்ன ஆகப்போகுது'ன்னு சொன்னீங்களாமே."

சொல்லியிருந்தாள். ஆத்திரத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு, எழுந்துபோய் அறையைத் தாழ்போட்டுக்கொண்டாள். சொன்னது அவளுக்கு மறுநாளே மறந்துபோயிற்று. தாழ் மட்டும் பாதி நாள் போட்டபடியேதான் கிடந்தது.

"அன்னைக்கிலேர்ந்து உங்க அறைக்கதவுல காதை வெச்சுக்கிட்டு நிக்கறார். நீங்க இருமறதோ, கட்டில்ல புரள்றதோ கேட்கற வரைக்கும் நகர மாட்டாராம். கேட்டதும் வந்து எழுதறார்."

மகள் அப்பா பக்கம் திரும்பினாள். இத்தனை நாள் சேர்த்து வைத்த கோபத்தை ஒரே நிமிஷத்தில் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அவர் மேலேயே கொட்டினாள்.

"ஏன்ப்பா திருடன் மாதிரி ஒளிஞ்சு நின்னு கேட்கணும்? என்னைப் பெத்தவர்தானே நீங்க! கதவை ஒரு தட்டு தட்டினா கை தேஞ்சா போயிடும்?"

அப்பா எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. பிறந்ததிலிருந்து அவள் கேட்டிராத ஒரு குரலில், அடுத்த அறைக்கும் கேட்கும்படி கத்தினார்.

"தட்டி, நீ பதில் சொல்லலைன்னா நான் என்னடி பண்ணுவேன்?"