நாலாவது தொட்டி

"இந்தத் தடவை உங்க நங்கூரம் அசையவே இல்ல" என்று மேலாளர் கைகொடுத்தபோது சோதனைக்காரருக்குக் கண் கலங்கியது. கடலடிச் சேறு நிரப்பிய தொட்டியில் புதைத்து இழுத்த மூன்று முறையும் அது உருவிக்கொண்டு வந்திருந்தது. நாலாவதும் தோற்றிருந்தால் வேலை போயிருக்கும்.

அந்த நங்கூரத்தை நம்பி மிதவை மேடை கடலில் நின்ற அன்று மாலை, சோதனைக்குச் சேறு அள்ளித் தரும் மைத்துனன் வீட்டுக்கு வந்தான்.

"அத்தான், இப்ப சொல்றேன். நீங்க சாப்பிடாம கிடந்தது எனக்குப் பொறுக்கல. நாலாவது தொட்டியில நான் கொட்டினது மேடை நிக்கிற இடத்துச் சேறில்ல. கரையோரத்து இறுகின களிமண்ணு."

சோதனைக்காரர் எழுந்து சன்னலைத் திறந்தார். வெளியே காற்று வலுத்துக்கொண்டிருந்தது.

"அக்கா புருஷனுக்கு இதுகூடச் செய்யலன்னா எப்படி? ஆமா, மருமகனைக் காணோமே?"

"மேடையில வேலைக்குச் சேர்ந்துட்டான். பயந்தவனை, அப்பாவோட நங்கூரம்டான்னு சொல்லி, காலையில நான்தான் படகேத்தினேன்."